வேலியைத் தாண்டும் கால்கள்

வேகம் மனிதனை என்றும் கவர்ந்து வந்துள்ளது. குதிரையின் வேகத்தையும், காளையின் வேகத்தையும், படகின் வேகத்தையும் கண்டு களித்த மக்கள், இயந்திரம் தோன்றிய பின் அதன் வேகத்தைக் காணவும் கூட்டங் கூட்டமாய்த் திரண்டதில் வியப்பில்லை. நம் தமிழகத்துக்கும் இக்களிப்பு புதிதன்று. சென்னைக்கு வடக்கே, சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் நடைபெற்ற மோட்டார் பந்தயங்களை நம் வாசகருள் மூத்தோர் நினைவுகூர்வர். 2024ஆம் ஆண்டிலோ, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தேறியது. எனவே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளை எங்கோ அயல்நாட்டு விவகாரம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

பந்தயத்தைக் காணச் செல்வோருக்கும் கார்கள் ஓடும் பாதைக்கும் இடையே ஒரு வேலி நிற்கிறது. பலருக்கு அது தம் மகிழ்ச்சிக்கு இடப்பட்ட தடையாகவே தோன்றுகிறது. இன்னும் நான்கு அடி முன்னே சென்றால் நன்றாகப் பார்க்கலாமே என்ற ஆவல் எழுகிறது. சிலர் அதன்மேல் ஏறி அமர்கின்றனர். சிலர் அதைத் தாண்டியே விடுகின்றனர். அவர்களைக் கேட்டால் கூறும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றே: "போனால் என் உயிர்தானே போகும்! பிறருக்கு என்ன?" இச்சமாதானம் உண்மைதானா என்பதையே நாம் இங்கு ஆராய்ந்து பார்க்க விழைகிறோம்.

வேலி எழுந்த வரலாறு

பந்தயப் பாதையின் ஓரத்தில் உறுதியான வேலி தொடக்கத்திலேயே இருந்ததில்லை. தாழ்ந்த மண்கரையும், வைக்கோற் கட்டும், கயிறுமே ஒரு காலத்தில் போதுமெனக் கருதப்பட்டன. 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு கார் மற்றொன்றின் பின்புறத்தில் ஏறித் தூக்கி எறியப்பட்டது. அதன் பகுதிகள் மக்கள் கூட்டத்தினூடே பாய்ந்தன. ஓட்டுநரோடு, பார்க்க வந்திருந்தோருள் 80 பேருக்கு மேல் மாண்டனர். அந்த ஒரு நாளின் துயரத்தால் சுவிட்சர்லாந்து தன் மண்ணில் இத்தகைய பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடை செய்துவிட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் 'மில்லே மிலியா' என்னும் நெடுஞ்சாலைப் பந்தயம் நடைபெற்றது. குய்திட்சோலோ என்ற சிற்றூருக்கு அருகே ஒரு காரின் சக்கரம் வெடித்தது. காரில் இருந்த இருவரும், சாலையோரத்தில் நின்றிருந்த ஒன்பது பேரும் உயிரிழந்தனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். சாலைவழி வேகப் பந்தயமாக அது நடப்பது அத்துடன் நின்றது.

இவ்விரு இடங்களிலும் மாண்டவர்கள் வேலி தாண்டியவர்கள் அல்லர். நிற்கலாம் என்று விடப்பட்ட இடத்தில் நின்றவர்களே. இன்று நாம் காணும் வேலியும், காவலும், விலகி நிற்க வேண்டிய தூரமும் அவர்களுடைய மரணத்திலிருந்து கற்கப்பட்டவை. இதை அறிந்த ஒருவன் அவ்வேலியை வெறும் கம்பியென்று எண்ணமாட்டான்.

இரண்டு விநாடிக் கணக்கு

பாதையைக் குறுக்கே கடந்துவிட முடியும் என்று நம்புவோர், சாலையில் பேருந்து வருமுன் ஓடிக் கடப்பதைப் போன்றதே இது என்று எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 75 மீட்டர் கடக்கிறது. பாதையின் அகலம் 12 மீட்டர் என்று கொள்வோம். விரைந்தோடும் ஒருவனுக்கு அதைக் கடக்க இரண்டு விநாடிக்குக் குறையாமல் வேண்டும். அதற்குள் கார் 150 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அவன் காலெடுத்து வைக்கும்போது கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்த கார், நடுப்பாதையை அவன் அடையும்போது அவன்மேல் இருக்கும். ஓட்டுநரோ தரையை ஒட்டித் தாழ அமர்ந்திருப்பவர். முன்னே மேடு இருந்தாலும், வேறொரு கார் சென்றாலும் அவருக்கு அப்பால் உள்ளது தெரியாது. கண்டு, உணர்ந்து, காலால் தடையை அழுத்துமுன் பல பத்து மீட்டர்கள் கடந்துவிடுகின்றன.

இக்கணக்கு மெய்ப்பட்ட நாள் 1977ஆம் ஆண்டு மார்ச்சு 5. இடம் தென்னாப்பிரிக்காவின் கயலாமி. ஒரு கார் பழுதுற்றுப் பாதையோரம் நின்றது. அதில் சிறு நெருப்பு எழுந்தது. எதிர்ப்புறத்தில் இருந்த பந்தயக் காவலர் இருவர் அதை அணைக்கப் பாதையைக் குறுக்கே கடந்து ஓடினர். முதல்வர் மயிரிழையில் தப்பினார். இரண்டாமவர் 19 வயது இளைஞர். கையில் கனத்த தீயணைப்புக் குடுவை. அதே நேரம் மேட்டைத் தாண்டிக் கார்கள் வந்தன. முன்னால் வந்தவர் விலகிச் சென்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மறைவில் வந்த டாம் பிரைஸ் என்னும் 27 வயது வேல்சு நாட்டு வீரருக்கு விலக நேரமே இல்லை. இளைஞர் அங்கேயே மாண்டார். அவர் கையிலிருந்த குடுவை பிரைஸின் தலையைத் தாக்க, அவரும் அக்கணமே உயிர் நீத்தார். ஓட்டுவார் இல்லாத அக்கார் நேர்பாதையின் முடிவுவரை ஓடி, ஜாக் லஃபீத் என்னும் மற்றொரு வீரரின் கார்மீது மோதிற்று. அவர் உயிர் பிழைத்தார்.

அவ்விளைஞரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிறர் உயிரைக் காக்க ஓடியவர் அவர். ஆனால் நாம் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பாதையின் இயல்பை அறிந்தவர், அங்கே நிற்கப் பணிக்கப்பட்டவர், நல்ல காரணத்துக்காக ஓடியவர். அவருக்கே அவ்விரண்டு விநாடி இடங்கொடுக்கவில்லை. பயிற்சியும் இன்றி, காரணமும் இன்றி ஓடுபவனுக்கு அது எங்ஙனம் இடங்கொடுக்கும்? மேலும், 'என் உயிர்தானே' என்ற சமாதானம் கயலாமியில் பொய்த்துப் போயிற்று. குறுக்கே சென்றவர் ஒருவர், மாண்டவர் இருவர், மூன்றாமவர் தப்பியது தெய்வச் செயல்.

ஆர்வம் கரை புரண்டபோது

தனி ஒருவர் தாண்டுவது ஒருபுறமிருக்க, கூட்டமே தாண்டினால் என்னாகும்? 1970ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மெக்சிகோ நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். தம் நாட்டு வீரர் பெத்ரோ ரொத்ரீகசைக் காண ஏறத்தாழ 2,00,000 மக்கள் வந்து குவிந்தனர். வேலிகள் அவர்களைத் தாங்கவில்லை. கம்பிகளைக் கடந்து, பாதையின் விளிம்பிலேயே வந்து அமர்ந்தனர். சிலருடைய கால்கள் கார்கள் செல்லும் இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. உலகச் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட்டும், ரொத்ரீகசுமே நேரில் சென்று பின்வாங்குமாறு மன்றாடினர். தம் கண்ணின் மணியான வீரரின் சொல்லுக்கும் கூட்டம் முழுமையாகச் செவிசாய்க்கவில்லை. பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதப்பட்டது. ஓட மறுத்தால் கலவரம் மூளும் என்ற அச்சமும் இருந்தது. இருபுறமும் மனிதச் சுவர்கள் நிற்க, அவற்றினிடையே கார்கள் ஓடின.

அன்று மனிதர் எவரும் இறக்கவில்லை. ஆனால் பாதையில் புகுந்த ஒரு நாயின்மீது ஸ்டூவர்ட்டின் கார் மோதிச் சிதைந்தது. அவர் பந்தயத்தினின்று விலகினார். நாய் நின்ற இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? இவ்வினாவை உலகப் பந்தய அமைப்பாளரும் எண்ணிப் பார்த்தனர் போலும்! அடுத்து 16 ஆண்டுகள், அதாவது 1986 வரை, மெக்சிகோவில் உலகச் சாம்பியன் பந்தயம் நடைபெறவில்லை. பந்தயத்தின்மேல் கொண்ட அன்பாலேயே அம்மக்கள் பந்தயத்தை இழந்தனர்.

மெக்சிகோவில் தப்பியது போர்ச்சுக்கலில் தப்பவில்லை. 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சிந்த்ரா மலைப்பகுதிச் சாலைகளில் 'ராலி' என்னும் நெடும்பந்தயம். கார் வரும்வரை நடுச்சாலையில் நிற்பதும், அது நெருங்கியவுடன் விலகுவதும், கடந்து செல்லும் காரைக் கையால் தொடுவதும் அங்கே வீரமாகக் கருதப்பட்டன. யோவாக்கிம் சாந்தோசு என்ற உள்நாட்டு வீரர், சாலையில் நின்றிருந்தோர்மீது மோதாதிருக்கக் காரைத் திருப்பினார். கார் அவர் கட்டுப்பாட்டை மீறி, ஓரத்தில் நின்ற கூட்டத்தினுள் பாய்ந்தது. மூவர் மாண்டனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெருநிறுவனங்களின் ஓட்டுநர்கள் அன்றே கூடி, மேற்கொண்டு ஓடமாட்டோம் என்று கையொப்பமிட்டு விலகினர். அதே ஆண்டு மே மாதம் கோர்சிகாவில் மேலும் இருவர் ஒரு காரில் மாண்டனர். மிக்க விசையுடைய அவ்வகைக் கார்கள் ஆண்டு முடிவோடு தடை செய்யப்பட்டன.

அந்த ஓட்டுநரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாலையில் நின்றவரைக் காக்கத் திருப்பிய கைகளே ஓரத்தில் நின்றவரைக் கொன்றன. ஒதுங்கி நில்லாதவன் பிழைத்தான். ஒதுங்கி நின்றவன் இறந்தான். இதனினும் கொடிய அநீதி உண்டோ?

நோக்கம் நல்லதெனினும்

ஆர்வத்தால் அன்றி, தம் குறையை உலகம் கேட்க வேண்டும் என்பதற்காகவும் சிலர் பாதையில் இறங்குகின்றனர். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில், வேலையினின்று நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி காட்டினூடே செல்லும் நேர்பாதைக்குள் புகுந்தார். கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் விரையும் இடம் அது. வேலையிழந்தவரின் வேதனையை நாம் இலேசாகக் கருதவில்லை. எனினும், அவர் குறைக்கும் அங்கு ஓடிய வீரருக்கும் என்ன தொடர்பு?

நம் வாசகர்கள் வருத்தத்தோடு அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2003ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், விவிலியத்தைப் படிக்குமாறு அழைக்கும் வாசகத்தைத் தாங்கிய ஒருவர், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருந்த கார்களை எதிர்நோக்கி ஓடினார். அவர் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. திருப்பணியினின்று முன்னரே விலக்கி வைக்கப்பட்டிருந்தவர். கார்கள் அங்குமிங்கும் திரும்பி அவரைத் தவிர்த்தன. பந்தயக் காவலர் ஒருவர் தம் உயிரைப் பொருட்படுத்தாது பாதையில் பாய்ந்து, அவரை வீழ்த்தி அப்புறப்படுத்தினார். அவருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அத்துடனும் அவர் ஓயவில்லை. அடுத்த ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில், மாரத்தான் ஓட்டத்தில் முதல்வராய் ஓடிவந்த பிரேசில் நாட்டு வந்தெர்லெய் தெ லீமாவைப் பிடித்துத் தள்ளினார். தெ லீமா மீண்டும் எழுந்து ஓடி மூன்றாம் இடமே பெற்றார்.

இறைவார்த்தையை ஏந்திச் செல்வது புனிதமான செயலே. ஆனால் அதை ஏந்திக்கொண்டு பிறர் உயிரைப் பணயம் வைப்பது சான்று பகர்தல் ஆகுமோ? ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் குதிக்க மறுத்ததை நாம் ஆண்டுதோறும் தவக்காலத்தில் தியானிக்கிறோம். வானதூதர் தாங்குவர் என்று ஆண்டவரே சோதித்துப் பார்க்கத் துணியாத இடத்தில், மனிதன் துணிவது விசுவாசம் அன்று. 1992இல் வெளியான நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஐந்தாம் கட்டளையை விளக்குமிடத்தில், குடிவெறியாலோ வேக மோகத்தாலோ தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிப்போரின் குற்றம் கனமானது என்றே போதிக்கிறது. பாதையில் ஓடும் கால்களுக்கும் அப்போதனை பொருந்தும் என்பது நம் கருத்து.

2022ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் அதே சில்வர்ஸ்டோனில், எண்ணெய் எடுப்பதை எதிர்க்கும் கிளர்ச்சியாளர் சிலர் பந்தயம் தொடங்கிய முதற்சுற்றிலேயே பாதையில் அமர்ந்தனர். அவர்கள் உயிர் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்க வளைவில் நேர்ந்த மோதலால் சிவப்புக் கொடி காட்டப்பட்டு, கார்கள் வேகம் குறைத்திருந்தன. அம்மோதலில் ஜோ குவான்யூ என்னும் சீன வீரரின் கார் தலைகீழாய்ச் சறுக்கிச் சென்று, தடுப்பைத் தாண்டி, மக்கள் இருக்கைகளின் முன்னிருந்த உயர்ந்த வேலியில் மோதி நின்றது. வேலி காருக்கு இடங்கொடுக்கவில்லை. உள்ளிருந்த வீரரும் பிழைத்தார். ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே வேளையில், ஓரிடத்தில் வேலி மக்களைக் காத்தது. மற்றோரிடத்தில் மக்கள் வேலியை மீறியிருந்தனர். கிளர்ச்சியாளர் அறுவர் 2023இல் நீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். உலகின் காற்று தூய்மையாக வேண்டும் என்ற கவலை நமக்கும் உண்டு. ஆயினும், நல்ல நோக்கத்துக்காக அயலானின் உயிரைக் கேளாமல் எடுத்துப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

கொடி அசைந்த பின்பு

இனி, பெரும்பாலோர் தவறும் இடத்துக்கு வருவோம். "பந்தயம்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன ஆபத்து?" என்று கேட்பார்கள். முதற்கார் முடிவுக்கோட்டைக் கடந்தவுடன் பந்தயம் முடிந்துவிடுவதில்லை. அதன்பின் வரும் கார்கள் இன்னும் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும். பாதையின் மறுகோடியில் எங்கோ நிற்கும் காவலருக்கு இங்கே கூட்டம் இறங்கியது தெரியாது. 1992ஆம் ஆண்டு சில்வர்ஸ்டோனில் நைஜல் மான்செல் வென்றபோது, மற்றக் கார்கள் எல்லாம் நின்றுவிடுமுன்பே மக்கள் பாதையில் பெருகிவிட்டனர். வெற்றி பெற்றவரால் தம் சுற்றையே முடிக்க இயலவில்லை.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்தது இன்னும் அச்சம் தருவது. பந்தயம் முழுவதும் முடியுமுன்பே பெருங்கூட்டம் காவலை உடைத்துக்கொண்டு பாதைக்குள் வந்தது. அங்கே பழுதுற்று நின்ற ஒரு காரை அணுகும் நிலையும் நேர்ந்தது. இக்காலப் பந்தயக் கார்கள் பெட்ரோலோடு மிகுந்த மின்னழுத்தத்தையும் தம்முள் தாங்கியவை. தொடுவதற்கு ஏற்ற நிலையில் உள்ளதா என்பதை அறிவிக்க அவற்றில் ஒரு விளக்கு உண்டு. பச்சை ஒளிர்ந்தால் தொடலாம். சிவப்பு ஒளிர்ந்தால் பயிற்சி பெற்றவரும் உரிய கையுறையின்றித் தொடார். அன்று அக்காரின் விளக்கு சிவப்பாகவே மின்னிக்கொண்டிருந்தது. அந்த விளக்கின் பொருளை அறிந்தோர் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? நினைவுப் பொருளாக ஒரு துண்டையேனும் எடுத்துச் செல்ல நீளும் கை, எதை நோக்கி நீளுகிறது என்று அறியாமலே நீளுகிறது.

யார் கடமை?

குற்றம் முழுவதையும் மக்கள்மேல் சுமத்துவது நீதியாகாது. இடம் கொள்ளுமளவுக்கு மேல் சீட்டு விற்பவர்களும், வலுவற்ற வேலியை நட்டுவிட்டுக் காவலரைக் குறைப்பவர்களும், வெளியேறும் வழிகளைத் திட்டமிடாதவர்களும் பொறுப்பினின்று தப்ப முடியாது. கட்டுக்கடங்காத கூட்டத்தை வைத்துக்கொண்டு பந்தயத்தைத் தொடங்குவதினும், அதை நிறுத்திவிடும் துணிவே மேலானது. பாதையோரம் நிற்கும் காவலருள் மிகப் பலர் ஊதியம் பெறாத் தொண்டர்கள் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வேலி தாண்டும் ஒவ்வொருவனும் அத்தகைய ஒரு தொண்டரைத் தன்பின்னே பாதைக்குள் இழுக்கிறான். அவர் வீட்டிலும் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

எனினும், அமைப்பாளர் எத்தனை வேலி நட்டாலும், இறுதி வேலி அவரவர் மனத்தில்தான் நடப்பட வேண்டும். 'நான் ஒருவன்தானே' என்று ஆயிரம்பேர் எண்ணும்போதுதான் கூட்டம் உருவாகிறது. முதலில் தாண்டுபவன் தன் பின்னே வருவோர் அனைவருக்கும் வழி திறந்துவிடுகிறான்.

பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இது. பிள்ளைகளைப் பந்தயம் காண அழைத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால் சென்ற இடத்தில் சிலவற்றைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுங்கள். வேலியின்மேல் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். தொப்பியோ, பந்தோ, காற்றில் பறந்த வேறெதுவோ பாதையில் விழுந்தால் அதை விட்டுவிடுங்கள். காவலரிடம் மட்டும் சொல்லுங்கள். காவலர் கதவைத் திறந்து வரலாம் என்று அறிவிக்கும்வரை, எத்தனை பேர் உள்ளே ஓடினாலும், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கூட்டம் நெருக்கினால் வேலியை நோக்கி அல்ல, அதினின்று விலகிப் பின்னோக்கி நகருங்கள்.

பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் கால்களையே கவனிக்கின்றனர். எல்லாரும் ஓடும் நேரத்தில் தன் தந்தை மட்டும் ஓடாமல் நின்றதைக் கண்ட சிறுவன், பின்னொரு நாள் தண்டவாளத்தின் அருகிலும், நெடுஞ்சாலையின் ஓரத்திலும், திருவிழாக் கூட்டத்தின் நடுவிலும் தானும் நிற்பான். பந்தயத்தில் வென்றவர் யார் என்பதை அவன் மறந்துவிடக்கூடும். தந்தை தன் கையைப் பற்றி நிறுத்தியதை மறக்கமாட்டான்.